ஜீரோ வாட்ஸ் பல்பு காட்டிக்கொடுத்தது

வைகாசி முகூர்த்தப் பத்திரிகை வேலை குவிந்து கிடந்த வாரம் பார்த்துத்தான் என் கம்ப்யூட்டர் தானாக அணைந்து எழ ஆரம்பித்தது. நீலத் திரையும் வரவில்லை, ஒரு எச்சரிக்கையும் இல்லை. தாய்மாமன் பெயர்களை வரிசையாக அடித்துக்கொண்டிருப்பேன். பட்டென்று இருட்டு, அப்புறம் ஒரு பீப்.

சர்வீஸ் கடைத் தம்பி பெட்டியைத் திறக்காமலே, "மதர்போர்டு போயிருச்சுக்கா, புதுசு போட்டுரலாம்" என்றார். டாக்டர் நாடி பார்க்காமல் ஆபரேஷன் என்று சொன்ன மாதிரி இருந்தது. வேண்டாம் என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

விண்டோஸில் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் ஒவ்வொரு முறையும் கெர்னல்-பவர் 41 என்ற குறிப்பு. இதைப் பார்த்ததும் பவர் சப்ளைதான் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். 'ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை' என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. அதன் விவரத்தில் பக்செக்கோட் என்ற இடத்தில் 0 இருந்தது. விண்டோஸே தடுமாறி விழுந்திருந்தால் பெரும்பாலும் அங்கே ஒரு எண் இருக்கும். அப்படியும் ராமைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். கழற்றி, தங்க நிறப் பற்களை ரப்பரால் தேய்த்து மாட்டி, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ புரோகிராமை இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் பிழை பூஜ்யம். பிராசஸர் சூடும் 60 டிகிரிக்குள்தான் இருந்தது.

விடை கிடைத்தது ஒரு வெள்ளிக்கிழமை மாலையில். இவர் ஹாலில் உட்கார்ந்தபடி போனிலிருந்து ஏதோ புரூஃப் பிரிண்ட் கொடுத்திருக்கிறார். என் மேஜைக்கு மேலே சாமி படத்துக்குப் போட்டிருக்கும் சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு ஒரு கணம் மங்கி எழுந்தது. அதே கணத்தில் என் திரை இருட்டு.

லேசர் பிரிண்டர் விழித்ததும் மைத்தூளைத் தாளில் உருக்கி ஒட்டும் ஃப்யூசரைச் சூடாக்க, இஸ்திரிப் பெட்டி அளவுக்குக் கரண்ட் இழுக்கும். பல்பு, பிரிண்டர், கம்ப்யூட்டர் மூன்றும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். யுபிஎஸ் பேட்டரி செத்து ஒரு வருடம். அதனால் கம்ப்யூட்டரை நேராக பாக்ஸில்தான் செருகியிருந்தேன்.

பிரிண்டரைச் சமையலறை மிக்ஸி பாயிண்டில் மாட்டி இருபது பக்கம் அடித்தேன், அணையவில்லை. திரும்பப் பழைய பாக்ஸிலேயே மாட்டினேன், நான்காவது பக்கத்தில் அணைந்தது. அப்புறம் தங்கை வீட்டுக் கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது பவர் சப்ளையை, இரவல் வாங்கி மாட்டி, அதே பாக்ஸில் அடித்தேன். பல்பு மங்கியது, கம்ப்யூட்டர் அசையவில்லை!

நல்ல எஸ்எம்பிஎஸ், கரண்ட் விட்டுப்போனாலும் சுமார் 16 மில்லி செகண்ட் தாக்குப்பிடிக்கும். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் தேங்கிய மின்சாரம்தான் காரணம். ஒன்பது வயதான என்னுடையதை அதன் மின்விசிறியை மூடிய கம்பி வலை வழியே டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்தக் கெபாசிட்டரின் தட்டைத் தலை பூரி மாதிரி உப்பியிருந்தது. திறந்து நோண்டவில்லை, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

புது எஸ்எம்பிஎஸ் போட்டாயிற்று. பிரிண்டர் மட்டும் மிக்ஸி பாயிண்டிலேயே தங்கிவிட்டது. இப்போதெல்லாம் சட்னி அரைத்து முடித்தால்தான் இவருக்குப் புரூஃப்.