அட்டாச்மென்ட் பெயரில் வந்த வினை

நான் மெயில் சர்வர் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் எங்கள் கவலையெல்லாம் ஸ்பாமும் டிஸ்க் நிரம்புவதும்தான். கிராஸ்-சைட் ஸ்கிரிப்டிங், அதாவது வெளியாள் எழுதிய ஸ்கிரிப்டை ஒரு தளத்தின் பக்கத்துக்குள் நுழைத்துப் பார்ப்பவரின் பிரவுசரில் ஓடவிடும் வேலை, இணையதளம் கட்டுகிறவர்களின் தலைவலி என்று இருந்துவிட்டேன். பிரவுசரில் திறந்து படிக்கும் வெப்மெயிலும் ஓர் இணையதளம்தானே என்பது உறைக்கவில்லை. அதுவும் எப்பேர்ப்பட்ட தளம்! முன்பின் தெரியாத யாரோ எழுதிய எச்டிஎம்எல்லை, லாகின் செய்து உட்கார்ந்திருப்பவரின் திரையில் காட்டுவதுதான் அதற்குப் பிழைப்பே.

பாதுகாப்புச் சோதனைக்கு வந்த ஒருவர் எனக்கு ஒரு மெயில் தட்டிவிட்டு, "திறந்து பாருங்க சார்" என்றார். திறந்ததும் சின்னப் பெட்டி ஒன்று எழும்பியது. அதில் என் மெயில் முகவரி. நான் எந்த லிங்கையும் தொடவில்லை. சோர்ஸை எடுத்துப் பார்த்தோம். மெயிலில் இருந்தது ஒரே ஒரு வரி, சுத்தமான வரி. வினை அட்டாச்மென்ட்டின் பெயரில் இருந்தது. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஓர் இமேஜ் டேக், இல்லாத படத்துக்கு ஒரு முகவரி, படம் வராவிட்டால் ஓடும்படி ஆன்எரரில் ஒரு துண்டு ஸ்கிரிப்ட். விண்டோஸில் ஃபைலுக்கு இப்படிப் பெயர் வைக்கவே விடாது. கோண அடைப்புக்குறியை அது ஏற்காது. அட்டாச்மென்ட்டின் பெயரைச் சுமந்துவரும் மெயில் ஹெடருக்கு அந்தக் கட்டுப்பாடு ஏது? கடிதத்தை அத்தனை கவனமாக வடிகட்டிய மென்பொருள், பெயரை மட்டும் அப்படியே பக்கத்தில் கொட்டியிருந்தது.

"குக்கீக்கு எச்டிடிபிஒன்லி போட்டிருக்கோமே" என்றேன். லாகினை நினைவில் வைத்திருக்கும் குக்கீயை ஸ்கிரிப்ட் படிக்க முடியாதபடி தடுக்கும் ஏற்பாடு அது. அவர் சிரித்துவிட்டு அடுத்த மெயிலை அனுப்பினார். அதைத் திறந்த பிறகு செட்டிங்ஸைப் பார்த்தால், எனக்கு வரும் மெயிலை வேறு முகவரிக்கும் அனுப்பச் சொல்லி, நான் போடாத ஃபார்வர்டு விதி ஒன்று உட்கார்ந்திருந்தது. குக்கீயைத் திருடுவானேன்? ஸ்கிரிப்ட் ஓடுவதே என் லாகினுக்குள். நான் செய்யக்கூடியதை எல்லாம் அதுவும் செய்யும். பாஸ்வேர்டை மாற்றினாலும் விதி போகாது. அன்று இரவு எல்லாக் கணக்குகளின் ஃபார்வர்டு விதிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தபோது மணி இரண்டு. விபரீதமாக எதுவும் இல்லை, நல்லவேளை.

ஏதோ எங்கள் சர்வரின் கோளாறு என்றும் சொல்வதற்கில்லை. 2023 அக்டோபரில் ரவுண்ட்கியூப் என்ற வெப்மெயில் மென்பொருளில் அகப்பட்ட ஓட்டையும் இதே ஜாதி. படம் வரைவதற்கான எஸ்விஜி டேக் ஒன்றுக்குள், பேஸ்64 என்ற எழுத்துக் குறியீடாக மடித்து வைத்த சரக்கு வடிகட்டியின் கண்ணில் படவில்லை, பிரவுசர் பிரித்துவிட்டது. 'வின்டர் விவர்ன்' என்று அழைக்கப்படும் ஹேக்கர் குழு அதை வைத்து ஐரோப்பிய அரசு அலுவலகங்களைக் குறிவைத்தது. அங்கேயும் மெயிலைத் திறந்தாலே போதும். ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ஓட்டையைச் சொன்ன இரண்டே நாளில் திருத்தம் தயாரானது. திருத்தம் வருவது வேறு, நாம் போடுவது வேறு. எங்கள் ஓட்டைக்குப் பேட்ச் வந்த பிறகும், "மாசக் கடைசி, சர்வரை நிறுத்த முடியாது" என்று ஒரு வாரம் இழுத்தடித்தார்கள்.

பேட்ச் போட்ட அன்று அதே மெயிலை மறுபடி திறந்தேன். பெட்டி எதுவும் வரவில்லை. கோண அடைப்புக்குறியும் ஆன்எரருமாக அந்தப் பெயர் முழுநீளத்துக்குத் திரையில் அசடு வழிந்துகொண்டு நின்றது. அந்த மெயிலை நான் அழிக்கவில்லை. ஒவ்வொரு அப்கிரேடுக்குப் பிறகும் முதலில் திறப்பது அதைத்தான்.