மட்ரிட்டின் ரெத்திரோ பூங்கா

மட்ரிட் நகரின் நடுவே சுமார் 125 ஹெக்டேருக்கு விரிந்து கிடக்கிறது ரெத்திரோ. 1630களில் ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப்புக்காக உருவான அரண்மனைத் தோட்டம். இன்று மக்கள் படகு விடும் பெரிய குளத்தில் அன்று அரசவையின் கேளிக்கைக்காகப் போலிக் கடற்போர்கள் நடந்தன! நெப்போலியனின் படை இதைக் கோட்டையாக்கிச் சீரழித்தது. 1868 புரட்சிக்குப் பிறகுதான் பூங்கா நகரத்தின் சொத்தானது. 2021இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

எனக்கு மிகப் பிடித்தது 1887இல் இரும்பும் கண்ணாடியுமாக எழுந்த கண்ணாடி மாளிகை. அப்போது ஸ்பெயினின் காலனியாக இருந்த பிலிப்பைன்ஸ் பற்றிய கண்காட்சிக்காக, அந்நாட்டுச் செடிகொடிகளை வைக்கக் கட்டினார்கள். செடிகள் மட்டுமா? அந்நாட்டு மனிதர்களையும் அதே பூங்காவில் காட்சிப்பொருளாக நிறுத்தினார்கள். மாளிகையின் அழகைப் புகழ்கிறவர்கள் இதையும் சொல்லியே ஆக வேண்டும்.

அப்புறம், போகிறவர்கள் கிறிஸ்தவ மரபில் வானிலிருந்து வீழ்ந்த தேவதூதனான லூசிஃபரின் சிலையைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.