1:35 அளவில் ஒரு சோம் பதுங்கு அகழி: இதுவரை ஆன வேலை

முதல் உலகப் போர் டயோராமா, அதாவது சிறிய அளவில் செய்யும் காட்சி மாதிரி, என்றாலே பெரும்பாலும் ஒரே காட்சிதான்: ஏணியில் ஏறி வெளியே பாயும் சிப்பாய்கள், முன்னால் விசில் ஊதும் அதிகாரி. எனக்கு அதில் ஈர்ப்பு இல்லை. பிரிட்டிஷ் சிப்பாயின் நாளில் பெரும்பகுதி மண் வெட்டுவதிலும் மூட்டை அடுக்குவதிலும் தண்ணீர் டின் சுமப்பதிலும் போனது. அதனால் நான் எடுத்துக்கொண்டது தாக்குதலுக்கு முந்தைய ஒரு நாள். இடம் பிரான்சின் சோம் பகுதியில் உள்ள போமோன்-ஹாமெல், பிரிட்டிஷ் 29ஆவது டிவிஷன் இருந்த பகுதி. 1916 ஜூன் 24 முதல் பிரிட்டிஷ் பீரங்கிகள் முழங்கிக்கொண்டிருந்தன. 29ஆம் தேதி நடக்கவேண்டிய தாக்குதல் மழையால் ஜூலை 1க்குத் தள்ளிப்போனது. அந்த ஈரமான இடைவெளிதான் என் காட்சி.

ஸ்காட்லாந்து தேசிய நூலகம் அந்தக் கால டிரெஞ்ச் (அகழி) வரைபடங்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்க வைத்திருக்கிறது. 1:10,000 அளவு. நீலக்கோடு பிரிட்டிஷ், சிவப்பு ஜெர்மன் (1918இல் இந்த நிறங்கள் இடம் மாறின). முன்வரிசைக் கோடு கோட்டைச் சுவரின் பற்களைப் போல மடிந்து மடிந்து போகும். ஒவ்வொரு மடிப்புக்கும் இடையே உள்ளது ஒரு 'பே', அதாவது சிப்பாய்கள் நின்று சுடும் துண்டு. வெட்டாமல் விட்ட மண் திண்டு 'டிராவர்ஸ்'. அகழிக்குள் ஒரு குண்டு வெடித்தால் அதன் வீச்சு அந்தத் துண்டோடு நிற்கவும், எதிரி உள்ளே குதித்துவிட்டால் நீளவாட்டில் சுட்டுத்தள்ளாமல் இருக்கவும்தான் இந்த ஏற்பாடு. பே சுமார் 30 அடி என்று எடுத்துக்கொண்டேன். வரைபடத்தில் அது ஒரு மில்லிமீட்டர்கூட வராது. 1:35இல் 26 சென்டிமீட்டர். டிராவர்ஸ் 9 அடி, எனக்கு 8 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு முழு பே, ஒரு டிராவர்ஸ், அடுத்த பேயின் தொடக்கம், அவ்வளவுதான் மேசையில் இடம்.

அடித்தளம் தெர்மாகோல். வெட்டுவதைவிடக் குப்பை கூட்டுவதுதான் பெரிய வேலை. ஆழம் 7 அடிக்கு 6 சென்டிமீட்டர். முன்சுவரோடு ஒட்டி ஃபயர் ஸ்டெப், அதாவது ஏறி நின்று சுடும் படி. படியிலிருந்து முன்கரையின், அதாவது எதிரிப் பக்கத்து மண்கரையின், உச்சிவரை நாலரை அடி இருக்கவேண்டும். சராசரி ஆள் நின்றபடி துப்பாக்கியைச் சாய்த்துச் சுடும் உயரம் அது. பொம்மையை ஏற்றி நிறுத்தியதும் தோள் சரியாகக் கரையோடு வந்து பொருந்தியது. ஐந்தடி மூன்று அங்குலத்துக்கும் குட்டையானவர்களைச் சேர்த்து 'பாண்டம்' பட்டாலியன்கள் என்று பிரிட்டன் திரட்டியதே, அவர்கள் ஒரு அகழிக்கு வந்து சேர்ந்தால் முதலில் படியை உயர்த்தவேண்டியிருந்தது. அடுத்து வருகிற உயரமான ஆட்களுக்கு அந்தப் படி தலையைப் பலிகொடுக்கும் மேடை.

இந்த மாடலில் நான் முக்கியமாகச் செய்து பார்க்க நினைத்தது ஸ்ட்ரெச்சர். இரண்டு மூங்கில் சீவலும் துணியும் வைத்து ஆறரை சென்டிமீட்டரில் ஒன்று செய்தேன். உண்மையில் அது ஏழடிக்கு மேல். தரைமட்டத்தில் அகழியின் அகலம் மூன்றடி, மாடலில் 2.6 சென்டிமீட்டர். பேக்குள் நேராகப் போகிறது. டிராவர்ஸ் மூலையில் முட்டி நிற்கிறது. தலைக்கு மேல் தூக்கினால் திருப்பலாம், ஆனால் அப்போது காயம்பட்டவர் முன்கரைக்கு வெளியே தெரிவார். போர்வையிலும் முதுகிலும் ஆட்களைச் சுமந்தது ஏன் என்பது இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

இதே இறுக்கம்தான் ஜூலை 1 காலையில் நியூஃபவுண்ட்லாந்து (இன்று கனடாவின் பகுதி) ரெஜிமெண்டை வெட்டவெளிக்குத் தள்ளியது. அவர்கள் இருந்தது பின்னால், செயின்ட் ஜான்ஸ் ரோடு என்ற அகழியில். முன்வரிசைக்குப் போகும் தொடர்பு அகழிகள் முதல் அலையில் விழுந்தவர்களாலும் திரும்பி வந்த காயக்காரர்களாலும் அடைத்துக் கிடந்தன. விலகி வழிவிட இடமில்லை. உத்தரவு வந்ததும் சுமார் 800 பேர் மேலேறி, தங்கள் முன்வரிசையையும் தங்கள் முள்கம்பியையும் நடந்தே தாண்டவேண்டியிருந்தது. பலர் அதைத் தாண்டவேயில்லை. மறுநாள் பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னவர்கள் 68 பேர். அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பின் இழப்பு 57,470. அதில் இறந்தவர்கள் 19,240. தோல்விக்குக் காரணம் பல: அறுபடாத முள்கம்பி, ஆழமான ஜெர்மன் நிலவறைகள், தாக்குதலுக்குப் பத்து நிமிடம் முன்பே, 7.20க்கு வெடித்த ஹாதார்ன் சுரங்கக் கண்ணி. என் மேசையில் காட்ட முடிவது ஒன்றைத்தான்: குண்டுவீச்சைத் தடுக்கக் கட்டிய மூலை ஆட்களையும் தடுக்கிறது.

மணல்மூட்டைக்கு எம்-சீல். நிரப்பிய மூட்டை 20 x 10 x 5 அங்குலம், மாடலில் ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கையை நனைத்துக்கொண்டு உருட்டி, பழைய வேட்டித் துணியை அழுத்தினால் சாக்கின் நெசவு கிடைக்கிறது. நம் கொத்தனார்கள் செங்கல் வைப்பதைப்போலவே ஒரு வரிசை நீளவாட்டில், அடுத்தது குறுக்குவாட்டில். மேலே உள்ள மூட்டை கீழ் இணைப்பை மூடவேண்டும், கட்டிய வாய் மண்பக்கம் போகவேண்டும். உட்சுவர் அப்படியே ஒழுங்காக வந்திருக்கிறது. உச்சி வரிசையை வேண்டுமென்றே கலைத்தேன். பிரிட்டிஷார் முன்கரையை மட்டம் பார்த்துச் சீராகக் கட்ட, ஜெர்மானியர் பல நிற மூட்டைகளைத் தாறுமாறாகப் போட்டார்கள். சீரான கரையில் ஒரு தலை எழும்பினால் உடனே தெரியும். பிரிட்டிஷ் ஸ்னைப்பர் பயிற்சியை உருவாக்கிய ஹெஸ்கெத்-பிரிச்சர்ட் இதைச் சொல்லிச் சொல்லி மாற்றவைத்தார்.

வண்ணத்தில் ஒரு விஷயம். முதல் உலகப் போர் என்றதும் கை தானாகக் காப்பி நிறத்துக்குப் போகிறது. அந்தச் சேறு பெல்ஜியப் பக்கத்து ஃபிளாண்டர்ஸுக்கு உரியது. சோம் பகுதியின் அடிமண் சுண்ணாம்பு. வெட்டிப்போட்ட மண் வெள்ளையாகக் கிடக்கும். அதனால் வால் புட்டியில் துளி மஞ்சள் காவி கலந்து பூசினேன். மழை நின்ற இடங்களில் மட்டும் சாம்பல் நிறம், அதன்மேல் மினுக்கத்துக்கு வார்னிஷ். தரையில் ஐஸ்கிரீம் குச்சியைச் சீவிச் செய்த டக்போர்டுகள், அதாவது சேற்றில் நடக்கப் போடும் மரச்சட்டப் பலகைகள்.

பொம்மைகள் ஐந்து. 29ஆவது டிவிஷனில் போருக்கு முன்பே இருந்த நிரந்தர ராணுவத்தின் பட்டாலியன்கள் அதிகம். அவர்களுக்குப் பைகளும் தோட்டாக்களும் சுமக்க 1908 வகைப் பருத்திப் பட்டைகள். தோல் பட்டையோடு வந்த இரண்டு பொம்மைகளைத் தனியே வைத்துவிட்டேன், போர் அமைச்சர் கிச்சனர் திரட்டிய புதுப் படையைச் செய்யும்போது உதவும்.

இப்போது மண்டையைக் குடைவது வேறு. மேலிருந்து பார்த்தால் எல்லாம் தெரிகிறது: மூலைக்கு அப்பால் என்ன, கரைக்கு வெளியே என்ன. உள்ளே நின்றவனுக்கு இவற்றில் எதுவும் தெரியாது. முப்பதடிச் சுவர், மேலே ஒரு கீற்று வானம், பெரிஸ்கோப்பில் ஒரு சதுரம். எனவே மூடியில்லாமல் காட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். பிளைவுட் பெட்டி, ஒரு முனையில் கண்மட்டத்தில் துளை, மேலே மங்கலான எல்இடி. படியில் நிற்கும் ஆளின் முதுகும் டிராவர்ஸ் மூலையும் மட்டும் தெரிந்தால் போதும். நண்பர்கள் இவ்வளவு உழைத்து மூடுவதா என்கிறார்கள். மூடத்தான் போகிறேன்.

பாக்கி இருப்பது முள்கம்பி. இரவில் சுத்தியல் ஓசை எழாமல் இருக்க, திருகியே மண்ணில் இறக்கும் இரும்பு முளைகளைப் பயன்படுத்தினார்கள். ஊசியில் செம்புக்கம்பியைச் சுற்றி அந்த முளையின் சுருளை உருவாக்கிவிட்டேன். கம்பியில் முள்ளை முடிச்சுப்போடுவதுதான் இன்னும் பிடிபடவில்லை.