சாமிதோப்பும் ஆறு துண்டுகளும்

கன்னியாகுமரிப் பக்கத்துச் சாமிதோப்புக்குத் துண்டு எடுக்காமல் போய்விட்டேன். ஆண்கள் சட்டையைக் கழற்றி, தலைப்பாகை கட்டித்தான் பதி எனப்படும் கோயிலுக்குள் போக வேண்டும். தலையில் இருப்பதை எடுக்கச் சொல்லும் கோயில்களையே பார்த்துப் பழகியவனுக்கு இது புதிது. தலைப்பாகை கட்டக் கூடாது என்று அன்றைய திருவிதாங்கூரில் தடுக்கப்பட்டிருந்த சனங்களை, அதைக் கட்டிக்கொண்டே கும்பிட வரச் சொன்னவர், அய்யாவழி என்ற நெறியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர்.

வெளியே ஒரு கடையில் துண்டு வாங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், நிற்கவில்லை. "இங்க வா மக்கா" என்று ஒரு பெரியவர் கூப்பிட்டுக் கட்டிவிட்டார். உள்ளே சிலை கிடையாது. விளக்கும் கண்ணாடியும்தான். கோணல் தலைப்பாகையோடு நானே தெரிந்தேன்.

நாமம் இட்டுக்கொண்டு வந்து நிழலில் உட்கார்ந்ததும், பெரியவர் குறோணி கதையை ஆரம்பித்தார். அரி கோபாலன் சீடர் 1841இல் எழுதியதாகச் சொல்லப்படும், அய்யாவழியின் புனித நூலான அகிலத்திரட்டு அம்மானையில் வருவது. முதல் யுகத்தில் மலைபோல் ஒரு பிறவி, குறோணி. பசி. கடல் தண்ணீரை முழுக்கக் குடித்தான், போதவில்லை, கயிலையையே விழுங்கினான். மாயோன் தவமிருந்து வரம் வாங்கி, அவனை ஆறு துண்டாக வெட்டினார்.

"வெட்டினா முடிஞ்சுதுன்னா நெனச்ச? ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு யுகத்துல பொறக்கும். நாலாவது ராவணன், அஞ்சாவது துரியோதனன்."

"ஆறாவது?"

"கலியன். இப்பம் நடக்குதது அவன் காலம்லா."

பெரிய உடம்பை வெட்டும் கதை பல ஊர்களில் உண்டு. வட ஐரோப்பியர்களின் கதையில் ஓடின் என்ற கடவுளும் தம்பிமாரும் ஈமிர் என்ற அரக்கனைக் கொன்று, சதையால் நிலத்தையும், ரத்தத்தால் கடலையும், மண்டையோட்டால் வானத்தையும் செய்கிறார்கள். சீனக் கதையில் பான்கு என்ற பேருருவன் தானாகவே இறந்து போகிறான். அவன் மூச்சு காற்றாகிறது, கண்கள் சூரிய சந்திரர். நம் ரிக் வேதத்தின் புருஷ சூக்தத்தில், வெட்டப்படும் புருஷனின் உடம்பிலிருந்து வாய்க்கு ஒரு வருணம், காலுக்கு ஒரு வருணம் என்று மனிதர்களும் பிரிந்து வருகிறார்கள். குறோணியின் துண்டுகளிலிருந்து மண்ணும் வரவில்லை, வானும் வரவில்லை. கொடுமை மட்டும் திரும்பத் திரும்பப் பிறக்கிறது. உலகம் எப்படி உண்டானது என்பதைவிட, இந்த அநியாயம் ஏன் இன்னும் தீரவில்லை என்பதுதான் தலைப்பாகைக்கே தடை பார்த்தவர்களின் கேள்வியாக இருந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது.

அப்புறம் பஸ் பிடித்து மணக்குடிக்குப் போனேன். பழையாறு கடலில் சேரும் ஊர். 2004 சுனாமி இங்கிருந்த பாலத்தையே பெயர்த்துப் போட்டது. கடல் குடிக்கும் குறோணியை எழுதியவர்களின் ஊருக்குப் பக்கத்தில், ஊரையே குடிக்க வந்த கடல்.

கரையில் ஒரு அம்மா கருவாட்டுக்கு மீன் பிளந்துகொண்டிருந்தார். முதுகுப் பக்கம் கத்தியை வைத்து வால்வரை ஒரே இழுப்பு. மீன் புத்தகம்போல் விரிந்தது. பாபிலோனியக் கதையில் மர்துக் என்ற கடவுள், கடல்தாய் தியாமத்தை உலர்த்தப்போகும் மீனைப் பிளப்பதுபோல் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை வானமாக நிறுத்துகிறான். அதைப் படித்தபோது விசித்திரமான உவமை என்று நினைத்திருக்கிறேன்.

"ரெண்டாப் பொளக்காம காயப்போட்டா என்னம்மா?"

"உப்பு ஏறாது, புழு வச்சிரும்" என்றார், தலை நிமிராமல்.

அரைக் கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கினேன். பையில் மணம் தாங்காது என்று புதுத் துண்டில் சுற்றிக் கட்டினேன். இந்த முறை கட்டு சரியாக நின்றது.