பர்மிங்ஹாம்: நூறு தாண்டிய இசைக்குழுவைக் கேட்கப் போகிறீர்களா?

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நியூ ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தில் இறங்கியதும் டிராமைத் தேட வேண்டாம். கச்சேரி நடக்கும் சிம்பொனி ஹாலுக்குக் கால் மணி நேர நடைதான். சிட்டி ஆஃப் பர்மிங்ஹாம் சிம்பொனி இசைக்குழு குடியிருந்த இடங்கள் அந்த வழியிலேயே வரிசையாக வருகின்றன.

முதல் இடம் இப்போது இல்லை. நியூ ஸ்ட்ரீட் தெருவில் இருந்த தியேட்டர் ராயலில் 1920 செப்டம்பர் 5 அன்று ஆப்பிள்பி மேத்யூஸ் நடத்த, இசையமைப்பாளர் பான்டாக்கின் ‘சால்’ முகப்பிசையோடு குழுவின் முதல் கச்சேரி நடந்தது. நகராட்சிப் பணத்தில் ஒரு இசைக்குழு என்ற யோசனையை முன்னெடுத்தவர், மேயராக இருந்து பின்னாளில் பிரதமரான நெவில் சேம்பர்லின். தியேட்டர் 1956இல் மூடப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டது.

தெருமுனையில் விக்டோரியா சதுக்கம். ரோமானியக் கோயில் போல் தூண்களோடு நிற்பது டவுன் ஹால். அதே 1920 நவம்பரில் ஆங்கில இசையமைப்பாளர் எல்கர் தன் படைப்புகளை இங்கே தானே வந்து நடத்தினார். 1991 வரை குழுவுக்கு இதுதான் வீடு.

அங்கிருந்து சென்டினரி சதுக்கம். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது பர்மிங்ஹாம் மாநகர அந்தஸ்து பெற்றதன் நூற்றாண்டு, இசைக்குழுவினுடையது அல்ல. சிம்பொனி ஹால் இங்கேதான். 1980இல் 25 வயதில் குழுவின் இசை நடத்துநராகப் பொறுப்பேற்ற சைமன் ராட்டில் காலத்தில் கிடைத்த அரங்கம், 2,262 இருக்கைகள். பக்கத்தில் ரயில் சுரங்கம் இருப்பதால் கட்டடம் ரப்பர் தாங்கிகள் மேல் நிற்கிறது. கச்சேரிக்கு முன் அண்ணாந்து பாருங்கள். மேடைக்கு மேல் தொங்கும் பெரிய விதானத்தை ஏற்றி இறக்கலாம். சுற்றுச்சுவரில் கனத்த கான்கிரீட் கதவுகள், அவற்றின் பின்னால் வெற்று அறைகள். பெரிய கோரஸ் (சேர்ந்து பாடும் பாடகர் குழு) படைப்பென்றால் கதவுகளைத் திறந்து தேவாலய முழக்கம் வரவழைப்பார்கள். சிறிய குழுவுக்கு எழுதிய ஹைடன் போன்றவருக்கு மூடிவிடுவார்கள்.

இருக்கையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். தரைத்தளத்தின் முன்வரிசை வாங்கினால் வயலின்காரர்களின் காலணிதான் தெரியும். பின்னாலுள்ள காற்றுக்கருவிகள் அமுங்கிப்போகும். உச்சி மாடமான கிராண்ட் டியரில் ஒலி அழகாகக் கலந்து வருகிறது, உயரம் பயமில்லையென்றால். மேடைக்குப் பின்னுள்ள கோரஸ் இருக்கைகள் பாடகர் குழு இல்லாத நாளில் கிடைக்கலாம். இசை நடத்துநரின் முகம் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் ஹார்ன் என்ற பித்தளைக் கருவியின் வாய் பின்பக்கம் திரும்பியிருப்பதால் காதில் நேராக அடிக்கும். தனிப்பாடகர் பாடும் நாளில் அங்கே உட்கார வேண்டாம். குரல் எதிர்ப்பக்கம் போய்விடும்.

மாலைக் கச்சேரி பெரும்பாலும் 7:30க்கு. வார நாள் பிற்பகல் 2:15 கச்சேரிகளும் உண்டு. லண்டனிலிருந்து போய்வர அதுவே தோது. தாமதமாக வந்தால் முதல் படைப்பு முடியும்வரை வெளியே நிற்க வேண்டியிருக்கலாம். அது பத்து நிமிட முகப்பிசையா, எண்பது நிமிட மாலர் சிம்பொனியா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். நம் சபாக்களில் தனி ஆவர்த்தனத்தின்போது கேன்டீனுக்கு எழுந்து போவதுபோல் இங்கே முடியாது. ஒரு படைப்பின் பகுதிகளுக்கு நடுவே வழக்கமாகக் கைதட்டுவதில்லை. சைகோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனியில் மூன்றாம் பகுதி ஆரவாரமாக முடிந்து ஆளை ஏமாற்றும். மெதுவான நான்காவது இன்னும் பாக்கி. நடத்துநரின் கை முழுதாக இறங்கும்வரை பொறுத்திருங்கள்.

நூற்றாண்டு நாளன்று, 2020 செப்டம்பர் 5இல், இந்த அரங்கம் கோவிட்டால் பூட்டிக்கிடந்தது. பழைய கார் தொழிற்சாலைப் பகுதியான லாங்பிரிட்ஜில் ஒரு கிடங்கில் கலைஞர்கள் இடைவெளி விட்டு அமர, ராட்டில் நடத்தினார்; இணையத்தில் ஒளிபரப்பானது. ஸ்ட்ராவின்ஸ்கியின் இசையோடு நம் ஏ.ஆர். ரஹ்மானின் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ இசைத்தொகுப்பும் அதில் இருந்தது. நியூ ஸ்ட்ரீட்டிலிருந்து லாங்பிரிட்ஜுக்கு நேரடி ரயில் இருக்கிறது. போய்ப் பார்க்க அங்கே ஒன்றுமில்லை.