பொறி பறக்கும் சுவிட்சும் பொறியே இல்லாத பட்டனும்

என்னிடம் ரிப்பேருக்கு வருகிற சுவிட்ச் சமாச்சாரங்கள் இரண்டே ரகம். ஒன்று, "கருகிப் போச்சுங்க". இன்னொன்று, "எவ்வளவு அமுக்கினாலும் எடுக்க மாட்டேங்குதுங்க". பம்பு செட் ஸ்டார்ட்டர், கீசர் சுவிட்ச், மிக்ஸி சுவிட்ச் எல்லாம் முதல் ரகம். டிவி ரிமோட், கால்குலேட்டர், வாஷிங் மெஷின் பேனல் இரண்டாவது. கோயம்புத்தூரில் நூல் மில் மெயின்டனன்ஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன் நான். இப்போது வீட்டுத் திண்ணையில் ஒரே மேஜையில் இரண்டு ரகத்தையும் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பார்க்கப் பார்க்க ஒன்று புரிகிறது. முதல் ரகம் பொறியால் சாகிறது. இரண்டாவது ரகம் பொறியே இல்லாததால் சாகிறது.

முதலில் பொறி. சுவிட்சை அணைக்கும்போது, உள்ளே ஒன்றையொன்று தொடும் உலோக முனைகளான இரண்டு கான்டாக்டும் ஒரே நொடியில் முழுசாகப் பிரிந்துவிடுவதில்லை. கடைசியாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஊசிமுனை அளவு இடத்தில் மொத்தக் கரண்டும் நெருக்கியடித்துக்கொண்டு ஓடும். அந்த இடம் சூடாகி, உருகி, ஆவியாகும். அந்த ஆவி வழியாகக் கரண்ட் தொடர்ந்து பாய்வதுதான் நமக்கு நீலமாகத் தெரியும் பொறி. நம் வீட்டு ஏசி சப்ளையில், அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்தில், ஒரு வசதி உண்டு. 50 ஹெர்ட்ஸில் ஓடுவதால் கரண்ட் விநாடிக்கு 100 தடவை தானாகவே பூஜ்யத்துக்கு வரும். அதிகபட்சம் 10 மில்லி விநாடியில் பொறிக்கு மூச்சு முட்டிவிடும். ஒரே திசையில் ஓடும் டிசியில் அந்தப் பேச்சே கிடையாது. இடைவெளி போதவில்லை என்றால் எரிந்துகொண்டே இருக்கும். சாதாரண ரிலே (சின்ன கரண்டால் இயங்கிப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) ஒன்றை எடுத்து அதன் தலையில் அச்சடித்திருப்பதைப் படித்துப் பாருங்கள்: ஏசிக்கு 10 ஆம்பியர் 250 வோல்ட், டிசிக்கு அதே 10 ஆம்பியர் வெறும் 30 வோல்ட். ஒரே பொருள்தான். மொட்டை மாடி சோலார் பேனலிலிருந்து வரும் டிசி லைனில் சுவரில் மாட்டுகிற சாதாரண சுவிட்சைப் போடக் கூடாது என்று நான் தொண்டை வறளச் சொல்வது இதனால்தான். அங்கே டிசிக்கென்றே செய்த ஐசொலேட்டர், அதாவது லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்தான் வேண்டும்.

இங்கிலாந்தில் நியூகாசில் ஊர்க்காரர் ஜான் ஹென்றி ஹோம்ஸ். 1884இல் இவர் செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்தக் காலத்து வீட்டு மின்சாரம் பெரும்பாலும் டிசி. மெதுவாகக் கைப்பிடியைத் திருப்பினால் பொறி நீண்டுகொண்டே போய் கான்டாக்டைத் தின்றுவிடும். மனுஷன் விரல் ஒருநாள் வேகமாகப் போகும், ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் போகும். ஹோம்ஸ் அந்தப் பொறுப்பை விரலிடமிருந்து பிடுங்கி ஒரு ஸ்பிரிங்கிடம் கொடுத்தார். விரல் ஸ்பிரிங்கை இழுத்து வைப்பதோடு சரி. ஒரு கட்டத்தைத் தாண்டியதும் ஸ்பிரிங்கே கான்டாக்டை வெடுக்கென்று பிரித்துவிடும்.

உங்கள் வீட்டு சுவிட்சில் இன்றும் அதே தத்துவம்தான். அதை மெதுவாக, ரொம்ப மெதுவாக அழுத்திப் பாருங்கள். நடுவில் நிறுத்தவே முடியாது. ஒன்று இந்தப் பக்கம், இல்லை அந்தப் பக்கம். உள்ளே சீசா பலகை மாதிரி ஆடுகிற ஒரு பித்தளைத் தகடு, அதன் நுனியில் வெள்ளிப் பொட்டு, தகட்டின் முதுகில் ஸ்பிரிங் வைத்த ஒரு முனை. முனை நடுக்கோட்டைத் தாண்டியதும் தகடு கவிழும், 'டக்' என்று கேட்கும். விலை மலிவான சுவிட்சில் சூடு ஏறி ஏறி அந்த ஸ்பிரிங் தளர்ந்துவிடும். அப்புறம் தகடு அரைகுறையாகத் தொட்டுக்கொண்டு நிற்கும், 'இஸ்ஸ்' என்று சத்தம் வரும், பிளேட் பழுப்பாகும். அந்தச் சத்தம் கேட்டால் சுவிட்சை மாற்றிவிட வேண்டும், தட்டிக் கொட்டி ஓட்டக் கூடாது.

ஸ்டார்ட்டருக்கு வருகிறேன். கிணற்று மோட்டார் வைத்திருக்கும் ஒரு பெரியவர் ஸ்டார்ட்டருக்குள் மோட்டார் கரண்டைத் திறந்து மூடும் கான்டாக்டரைக் கொண்டுவந்து, "எமரித் தாள் போட்டு நல்லாத் தேய்ச்சுக் குடுங்க தம்பி, கருப்பா இருக்குது பாருங்க" என்றார். நானும் தாத்தா ஆகிவிட்டவன்தான், அவருக்குத் தம்பி. வெள்ளி கான்டாக்ட் கருப்பாவது அழுக்கு அல்ல என்று அவருக்குச் சொல்லிப் புரியவைக்கப் பாதிக் காலை போய்விட்டது. வெள்ளியின் ஆக்சைடு பொறியின் சூட்டில் தானே உடைந்து மறுபடி வெள்ளியாகிவிடும். ஒவ்வொரு தடவை பொறி பறக்கும்போதும் அது தன்னைத்தானே துடைத்துக்கொள்கிறது. எமரி போட்டால் போவது வெள்ளிதான். ஆனால் அவர் சொன்னதும் ஒரு காலத்துக்குச் சரி. பழைய ஸ்டார்ட்டர்களில் செம்பு கான்டாக்ட் இருக்கும். செம்பின் ஆக்சைடு கரண்டை நன்றாகக் கடத்தாது, அதைத் தேய்த்தே ஆக வேண்டும். அந்தப் பழக்கம் கையோடு வந்துவிட்டது. குழி விழுந்து, உருகி முளை கிளம்பியிருந்தால் விஷயம் வேறு. அப்போது செட்டையே மாற்றிவிடுவது நல்லது.

இப்போது ரிமோட். இதில் பொறி வரவே வராது. வெள்ளி கான்டாக்டுகளுக்கிடையில் பொறி நிற்க ஏறக்குறைய 12 வோல்ட்டாவது வேண்டும், கரண்டும் அரை ஆம்பியரை ஒட்டியாவது வேண்டும். இரண்டு பென்சில் பேட்டரியின் 3 வோல்ட், அதில் ஓடும் மில்லி ஆம்பியருக்கும் கீழான கரண்ட், இதை வைத்துக்கொண்டு ஒரு தூசியைக்கூட எரிக்க முடியாது. ஆகவே மேலே படிவது படிந்தபடியே இருக்கும். துடைக்க ஆள் இல்லாத வீடு.

ரிமோட்டைப் பிளந்தால் ஒரு ரப்பர் ஷீட் வரும். சிலிக்கோன் ரப்பர். ஒவ்வொரு பட்டனுக்கும் கீழே ஒரு சின்ன கருப்பு வில்லை ஒட்டியிருக்கும், கார்பன் கலந்தது. போர்டில் அதற்கு நேராக, விரல்களைக் கோத்தாற்போல் ஆனால் தொடாமல், இரண்டு தடங்கள் ஓடும். பட்டனை அமுக்கினால் வில்லை இரண்டையும் சேர்க்கும், அவ்வளவுதான். நல்ல நிலையில் மல்டிமீட்டர் வைத்தால் மின்தடை சில நூறு ஓமுக்குள் காட்டும். பழசான ரிமோட்டில், சவுண்டு பட்டனிலும் பவர் பட்டனிலும், பல ஆயிரம் ஓம் காட்டும். திறந்து பார்த்தால் பிசுபிசுவென்று ஒரு படலம். வீட்டில் யாரோ எண்ணெய்க் கையோடு தொட்டுவிட்டதாகச் சண்டை வேண்டாம். பெரும்பாலும் அது ரப்பரிலிருந்தே கசிகிற சிலிக்கோன் எண்ணெய்.

ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு போர்டையும் வில்லையையும் மெதுவாகத் துடைத்துக் காயவிட்டால் பாதி ரிமோட்டுக்கு மேல் உயிர் வந்துவிடும். இங்கே எமரி தொடவே கூடாது. பல போர்டுகளில் தடத்தின் மேல் பூசியிருப்பதே மெல்லிய கார்பன் மைதான், தேய்த்தால் உரிந்துவிடும். பென்சிலால் கிறுக்குவது நாலு நாள் வித்தை. வில்லை தேய்ந்தே போயிருந்தால் அலுமினியத் தாளை வட்டமாக வெட்டி ஒட்டுவதுண்டு. ஓடும், ஆனால் நான் அதை ரிப்பேர் என்று பில் போட மாட்டேன்.

சுயமாகத் துடைத்துக்கொள்ள முடியாத இடத்தில் அழுக்கே பிடிக்காத உலோகத்தைப் போடுவதுதான் பணக்கார வழி. தங்கம். வெள்ளியைக் காற்றிலுள்ள கந்தகம் கருப்பாக்கும், தங்கத்தை ஒன்றும் செய்யாது. கம்ப்யூட்டர் கீபோர்டு பைத்தியங்கள் கொண்டாடும் செர்ரி எம்எக்ஸ் சுவிட்சில் கான்டாக்ட் தங்கம்தான். கூரை முகடு போன்ற இரண்டு சின்ன முனைகள் ஒன்றுக்கொன்று குறுக்காகத் தொடும். தொடுமிடம் ஒரு புள்ளி அளவுதான், அதனால் அழுத்தம் முழுக்க அங்கேயே விழும், தூசி ஒதுங்கும். ஆனால் இதே தங்க முலாம் போட்ட ரிலேயில் ஒரே ஒருமுறை பெரிய லோடு ஓட்டிவிட்டால் முலாம் ஆவியாகிப் போச்சு. அதற்கப்புறம் அதைச் சின்ன சிக்னலுக்கு நம்ப முடியாது.

வாஷிங் மெஷின் பேனல்களில் இருப்பது மெம்பிரேன். இரண்டு பாலியெஸ்டர் தாளில் வெள்ளி மை அச்சடித்து, நடுவில் ஓட்டை போட்ட ஒரு தாளை இடைவெளிக்கு வைத்து ஒட்டியிருப்பார்கள். ஈரம் புகுந்தால் வெள்ளி மெல்ல ஒரு தடத்திலிருந்து பக்கத்துத் தடத்துக்கு வேர் விட்டு நகரும், யாரும் தொடாமலே பட்டன் அமுங்கியதாக மெஷின் நினைத்துக்கொள்ளும். இதைத் திறந்து சரிசெய்ய எனக்கு வழி தெரியாது, புதுசு வாங்கச் சொல்லிவிடுவேன்.

கீபோர்டில் இன்னொரு சுவாரசியம். அங்கே ஸ்பிரிங்கை மறுபடியும் சந்திக்கிறோம், வேறு காரணத்துக்காக. ஐபிஎம் 1985 வாக்கில் கொண்டுவந்த மாடல் எம் கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்குக் கீழும் ஒரு சுருள் ஸ்பிரிங் நிற்கிறது. அமுக்க அமுக்கத் தாங்கிக்கொண்டு வந்து, ஒரு கட்டத்தில் பக்கவாட்டில் மடங்கும். மடங்கும்போது கீழே உள்ள சின்ன சுத்தியல் சாய்ந்து மெம்பிரேன் தாளைத் தட்டும். பொறியை வெட்ட வேண்டிய அவசியமே அங்கே இல்லை. எழுத்து பதிந்துவிட்டது என்று விரலுக்குச் சொல்லத்தான் அந்தத் துள்ளல். அதற்கு முந்தைய மாடல் எஃப்பில் ஸ்பிரிங் இதேதான், ஆனால் தொடுகிற கான்டாக்டே கிடையாது. ஒரு தகடு போர்டின் அருகே போவதால் மாறும் கபாசிட்டன்ஸை, அதாவது மின்னூட்டம் தேக்கும் திறனைக் கண்டுபிடிக்கிறார்கள். தொடாதது தேயாது. என் கணக்கில் அதுதான் கெட்டிக்காரத்தனம், ஆனால் விலை கூடுதல் என்பதால் அடுத்த மாடலிலேயே விட்டுவிட்டார்கள்.

போன மாதம் மகன் வீட்டில் கண்ணாடி டச் சுவிட்ச் போர்டு மாட்டினார்கள். "அப்பா, இதுல தேயறதுக்கு ஒண்ணுமே இல்ல" என்றான். விரலை வைத்ததும் உள்ளேயிருந்து 'டக்' என்றது. கழற்றிக் காட்டினேன்: கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக ரிலேக்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் அதே வெள்ளிப் பொட்டு, அதே ஸ்பிரிங் தகடு. மேலே எழுதியிருந்த ஆம்பியரைப் படித்துவிட்டு, கீசர் லைனை மட்டும் பழைய 16 ஆம்பியர் சுவிட்சிலேயே விடச் சொன்னேன். விட்டிருக்கிறான்.