டிரைவைக் கழட்டினதுக்கு அப்புறம்தான் டெஸ்ட்டே

எக்ஸ்டர்னல் டிரைவ்ல லினக்ஸ் போடுறதெல்லாம் ஒரு வேலையா, அரைமணி நேரத்துல முடிஞ்சிடும்னு டீமுக்குப் புதுசா வர்ற எல்லாரும் சொல்லுவாங்க. பொய் இல்ல, ஃபைல் காப்பி ஆகுற வேலை அவ்ளோதான். ஆனா பூட்லோடர் (மெஷின் ஆன் ஆனதும் ஓ.எஸ்ஸை எழுப்பி விடுற சின்ன ப்ரோக்ராம்) எங்க போய் உட்காருதுன்னு கேட்டா பாதிப் பேருக்கு பதில் தெரியாது, ஸ்க்ரீன்ல "இன்ஸ்டாலேஷன் கம்ப்ளீட்"னு வந்துச்சே அது போதாதாங்கற மாதிரி பார்ப்பாங்க.

நான் இருக்கறது ஐ.டி சப்போர்ட்ல. ஃபீல்டுக்குப் போறவங்களுக்கு ஆளுக்கு ஒரு போர்ட்டபிள் எஸ்.எஸ்.டி ரெடி பண்ணிக் கொடுக்கறது எங்க வேலைல ஒண்ணு. அதுல முழு லினக்ஸ் இருக்கும், லைவ் யூ.எஸ்.பி மாதிரி ஆஃப் பண்ணா எல்லாம் மறந்து போற சமாச்சாரம் இல்ல, அப்டேட் பண்ணலாம், நம்ம டூல்ஸ் எல்லாம் போட்டு வச்சுக்கலாம், செத்துப் போன மெஷின்ல இருந்து டேட்டா எடுக்கணும்னா சொருகி பூட் பண்ண வேண்டியதுதான். எந்த மெஷின்ல சொருகினாலும் ஏறணும், கழட்டினா அந்த மெஷின் முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும். ரெண்டே ரெண்டு கண்டிஷன். இதுல முதலாவது பத்தி எல்லாரும் யோசிப்பாங்க, ரெண்டாவது பத்தி யோசிக்கிற ஆளை நான் அதிகமா பார்த்ததில்ல.

பயாஸ், அதாவது ஆன் பண்ணதும் முதல்ல ஓடுற மதர்போர்டோட பழைய ஃபர்ம்வேர், இருந்த காலத்துல இந்தத் தலைவலியே கிடையாது. டிஸ்க்கோட முதல் செக்டர் 512 பைட், அதுல 446 பைட் பூட் கோடு, 64 பைட் பார்ட்டிஷன் டேபிள், கடைசி ரெண்டு பைட் அடையாளம், இவ்ளோதான் எம்.பி.ஆர். அந்த 446 பைட்டுக்குள்ள என்ன பெருசா எழுதிட முடியும், அதனால க்ரப் (லினக்ஸோட வழக்கமான பூட்லோடர்) தன்னோட தலையை மட்டும் அங்க வச்சுட்டு உடம்பை முதல் பார்ட்டிஷனுக்கு முன்னாடி இருக்கற காலி இடத்துல வச்சுக்கும். பயாஸுக்கு எதையும் ஞாபகம் வச்சுக்க வேண்டிய அவசியம் இல்ல, இந்த டிஸ்க்கைப் பாருன்னா முதல் செக்டரைப் படிச்சு ஓட்டும். பூட் ஆகத் தேவையான எல்லாத்தையும் டிஸ்க்கே சுமந்துக்கிட்டுப் போச்சு. நாம கவனிக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, க்ரப்பை எஸ்.டி.ஏ-ல (முதல் டிஸ்க்) போடுறோமா எஸ்.டி.பி-ல (ரெண்டாவது டிஸ்க்) போடுறோமாங்கறது மட்டும்தான்.

பயாஸுக்குப் பதிலா யூ.இ.எஃப்.ஐ-ங்கற புது ஃபர்ம்வேர் வந்ததும் கணக்கு மாறிடுச்சு. இப்ப பூட்லோடர்ங்கறது ஒரு சாதாரண ஃபைல், இ.எஃப்.ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்னு ஃபேட்32-ல ஒரு சின்ன பார்ட்டிஷன் இருக்கும், அதுக்குள்ள ஒரு ஃபோல்டர்ல கிடக்கும். ஆனா "இந்த டிஸ்க், இந்த பார்ட்டிஷன், இந்த ஃபைல்"ங்கற விவரத்தை மதர்போர்டுல இருக்கற என்விராம்ல (ஆஃப் பண்ணாலும் அழியாத சின்ன மெமரி) ஒரு என்ட்ரியா எழுதி வச்சுக்குது, எது முதல்ல எது அடுத்ததுங்கற வரிசையும் அங்கயேதான். அதாவது பாதி விவரம் டிஸ்க்ல, பாதி விவரம் மெஷின்ல. உள்ளயே இருக்கற டிஸ்க்குக்கு இது ரொம்ப வசதி, நான் குறை சொல்லல. ஆனா ஊர் சுத்துற டிஸ்க்குக்கு இது ஒத்து வராது, வேற மெஷின்ல கொண்டு போய் சொருகினா அந்த மெஷினோட என்விராம்ல இந்த டிஸ்க் பத்தி ஒரு வரி கூட இருக்காது.

அதுக்குன்னுதான் ஸ்பெக்லயே ஒரு பொது இடம் ஒதுக்கி வச்சிருக்காங்க, இ.எஃப்.ஐ ஃபோல்டர், அதுக்குள்ள பூட் ஃபோல்டர், அதுக்குள்ள பூட்எக்ஸ்64 டாட் இ.எஃப்.ஐ. எந்த என்ட்ரியும் இல்லாத டிஸ்க்கை பூட் பண்ணச் சொன்னா ஃபர்ம்வேர் அந்த இடத்துல தேடும். இன்ஸ்டால் பென்டிரைவ் எல்லாம் இப்படித்தான் எந்த மெஷின்லயும் ஏறுது. அதே பென்டிரைவை வச்சு நாம எக்ஸ்டர்னல் டிரைவ்ல ஓ.எஸ் போட்டா மட்டும் இன்ஸ்டாலர் அந்த பொது இடத்துல எழுதாம, தன் பேர்ல ஒரு ஃபோல்டர் போட்டு எழுதி என்விராம்லயும் பதிஞ்சுடும். சில இன்ஸ்டாலர்கள் இன்னும் ஒரு படி மேல, பூட்லோடர் எந்த டிஸ்க்ல போடணும்னு நாம எக்ஸ்டர்னலைக் காட்டினாலும், யூ.இ.எஃப்.ஐ மோடுல அதைக் கண்டுக்காம முதல்ல கண்ணுல படற இ.எஃப்.ஐ பார்ட்டிஷன்ல, அதாவது லேப்டாப்போட உள் டிஸ்க்ல கொண்டு போய் வச்சுடும்.

இது எவ்ளோ தூரம் போகும்னு எனக்குப் புரிஞ்சது ஒரு லேப்டாப் எங்க டேபிளுக்கு வந்தப்பதான். கம்ப்ளெயின்ட் சிம்பிள், விண்டோஸ் லேப்டாப், ஆன் பண்ணா கருப்பு ஸ்க்ரீன்ல "க்ரப்"னு எழுதி கர்சர் மினுக்கிட்டு நிக்குது. டிஸ்க் போயிடுச்சு, ஃபார்மேட் பண்ணிடுங்கன்னு யாரோ அவர்கிட்ட ஏற்கனவே சொல்லி அனுப்பியிருக்காங்க. அந்த ப்ராம்ப்ட்ல எக்ஸிட்னு டைப் பண்ணா அடுத்த என்ட்ரிக்குப் போகுது, விண்டோஸ் ஆரம்பிக்குது, ஆனா உடனே பிட்லாக்கர் (டிஸ்க்கை என்க்ரிப்ட் பண்ணி வைக்கிற விண்டோஸ் வசதி) 48 இலக்க ரெக்கவரி கீ கேட்குது. சரின்னு ரீஸ்டார்ட் பண்ணி பூட் மெனுல நேரா விண்டோஸ் பூட் மேனேஜரை எடுத்தா ஒண்ணுமே கேட்காம சமத்தா டெஸ்க்டாப் வரைக்கும் வந்துடுச்சு. அங்கயே பாதி விஷயம் தெரிஞ்சு போச்சு. டி.பி.எம்-ங்கற செக்யூரிட்டி சிப் பூட் ஆகுற வழில எது எது ஓடுச்சுன்னு அளந்து வச்சுக்கும், நடுவுல க்ரப் ஓடியிருந்தா அளவு மாறிடும், பிட்லாக்கர் சந்தேகப்பட்டு கீ கேட்கும், நேரா போனா அளவு மாறல, கேட்கல. அப்ப டிஸ்க்கும் நல்லா இருக்கு, விண்டோஸும் நல்லா இருக்கு, முன்னாடி எவனோ குறுக்க உட்கார்ந்திருக்கான்.

ஒரு லைவ் யூ.எஸ்.பி-ல ஏறி என்விராம்ல இருக்கற என்ட்ரிகளைக் காட்டுற இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கமாண்டைப் போட்டோம் (எங்க டீம்ல அதுக்குப் பேரே எம்.ஜி.ஆர் கமாண்ட்தான்), வரிசைல முதல்ல ஒரு லினக்ஸ் என்ட்ரி. உள் டிஸ்க்ல தேடிப் பார்த்தா லினக்ஸ் பார்ட்டிஷன்னு ஒண்ணுமே இல்ல.

"ஏங்க, இதுல எப்பவாவது லினக்ஸ் போட்டீங்களா?"

"இதுல போடலைங்க. எக்ஸ்டர்னல்லதான் போட்டேன், அதைக் கழட்டி வீட்ல வச்சுட்டேனே, அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். அவர் பார்வைல லேப்டாப்பைத் தொடவே இல்ல. ஆனா க்ரப் போய் உட்கார்ந்தது லேப்டாப்போட இ.எஃப்.ஐ பார்ட்டிஷன்ல, அதோட மெனு ஃபைல் இருக்கறது எக்ஸ்டர்னல் டிரைவ்ல, யூ.யூ.ஐ.டி-ங்கற பார்ட்டிஷனோட தனி அடையாள நம்பரை வச்சு தேடுது, டிரைவ் இல்லன்னதும் என்ன பண்றதுன்னு தெரியாம ப்ராம்ப்ட்ல நிக்குது. வீட்டுக்கு வந்த விருந்தாளி போகும்போது வாசல் சாவியையும் பாக்கெட்ல போட்டுக்கிட்டுப் போன மாதிரி. அந்த டிரைவையும் கொண்டு வரச் சொல்லி வேற மெஷின்ல சொருகிப் பார்த்தோம், அது எங்கயும் ஏறல, ஏன்னா பூட்லோடர் அதுல இல்லவே இல்லையே, லேப்டாப்லல்ல இருக்கு. சரி பண்றது அஞ்சு நிமிஷ வேலை, என்ட்ரியை அழிச்சு, அந்த ஃபோல்டரை எடுத்து, விண்டோஸை முதல்ல வச்சா முடிஞ்சுது. யாரோ சொன்னாங்கன்னு ஃபார்மேட் பண்ணியிருந்தா அத்தனை டேட்டாவும் போயிருக்கும்.

அதுக்கப்புறம் எங்க டிரைவ் எதையும் உள் டிஸ்க் இருக்கற மெஷின்ல ரெடி பண்றதே இல்ல. ஃபர்ம்வேர் செட்டிங்ஸ்ல உள் டிஸ்க்கை டிஸேபிள் பண்ணலாம், சில மெஷின்ல முடியாது, உள்ள இருக்கற என்.வி.எம்.இ எஸ்.எஸ்.டி-ஐ ஸ்க்ரூ கழட்டி எடுக்கலாம், அது தினமும் பண்ற வேலையா? எனக்குப் பிடிச்சது வர்ச்சுவல் மெஷின் (வி.எம்), அதாவது ஒரு மெஷினுக்குள்ள சாஃப்ட்வேரா ஓடுற இன்னொரு மெஷின். வர்ச்சுவல் டிஸ்க்கே கொடுக்காம யூ.இ.எஃப்.ஐ மோடுல ஒரு வி.எம், அதுக்கு அந்த யூ.எஸ்.பி டிரைவை மட்டும் பாஸ்த்ரூ பண்ணிட்டா (நேரா அதுகிட்டயே கொடுத்துட்டா) இன்ஸ்டாலர் தப்பு பண்ணணும்னு நினைச்சாலும் பண்றதுக்கு வேற இடம் இல்ல, என்விராம் கூட பொய் என்விராம், வி.எம்-ஐ அழிச்சா அதுவும் போச்சு.

பார்ட்டிஷன் எம்.பி.ஆருக்கு அடுத்து வந்த ஜி.பி.டி முறைல போடுறோம். முதல்ல பயாஸ் பூட் பார்ட்டிஷன்னு ஒரு எம்.பி, அப்புறம் 512 எம்.பி-ல இ.எஃப்.ஐ பார்ட்டிஷன், மிச்சம் ரூட் (ஓ.எஸ் இருக்கற பார்ட்டிஷன்). இந்த காலத்துல பயாஸுக்கு எதுக்குண்ணா இடம்னு ஜூனியர் பசங்க கேட்பாங்க. ரெஸ்க்யூக்கு வர்ற மெஷின்ல பழசுதானே அதிகம், ஒரு எம்.பி-ல என்ன குறைஞ்சிடப் போகுது. க்ரப்-இன்ஸ்டால் ரெண்டு தடவை ஓடும், ஒண்ணு ஐ386-பிசி டார்கெட்டுக்கு, ஒண்ணு எக்ஸ்86-64-இ.எஃப்.ஐ டார்கெட்டுக்கு, ரெண்டும் ஒரே க்ரப் மெனுவைத்தான் படிக்கும். ரெண்டாவதுல ரிமூவபிள்ங்கற ஆப்ஷன் கண்டிப்பா இருக்கணும், அதுதான் அந்த பொது இடத்துல ஃபைலை வைக்கிறது, என்விராமைத் தொடாம விடுறதும் அதுதான், இருந்தாலும் கூடவே நோ-என்விராம்னும் போட்டுடுவோம், ஸ்க்ரிப்டைப் படிக்கிறவனுக்கு நோக்கம் புரியணும்ல.

செக்யூர் பூட், அதாவது நம்பகமான கையெழுத்து இருக்கற பூட்லோடரை மட்டும் ஓட விடுற ஏற்பாடு, தனிக் கதை. அதை ஆஃப் பண்ணிட்டா வேலை சுலபம்னு எங்க டீம்லயே ஒரு கோஷ்டி இருக்கு. எனக்கு அதுல உடன்பாடு இல்ல, அடுத்தவங்க மெஷின்ல செட்டிங்ஸை மாத்தினா அந்த பிட்லாக்கர் மறுபடி கீ கேட்கும், கீ அவங்ககிட்ட இல்லன்னா நாம காப்பாத்தப் போய் நாமளே பூட்டினதா ஆகிடும். அதனால ஷிம்தான், க்ரப்புக்கு முன்னாடி ஓடி அதோட கையெழுத்தைச் சரி பார்க்கற சின்ன பூட்லோடர். மைக்ரோசாஃப்ட் கையெழுத்து இருக்கற ஷிம்மை பூட்எக்ஸ்64-ங்கற பேர்ல வச்சு, பக்கத்துலயே டிஸ்ட்ரோ (உபுண்டு, டெபியன் மாதிரி லினக்ஸ் வகை) கையெழுத்துப் போட்ட க்ரப்பை வைக்கணும். இங்க ரெண்டு குழி இருக்கு. ஒண்ணு, அந்த க்ரப் தன்னோட கான்ஃபிக்கை எந்த ஃபோல்டர்ல தேடணும்னு உள்ளயே எழுதி வச்சு கையெழுத்துப் போட்டிருப்பாங்க, பூட் ஃபோல்டருக்கு மட்டும் கையால காப்பி பண்ணிட்டு டிஸ்ட்ரோ பேர்ல இருக்கற ஃபோல்டரை விட்டுட்டா பழையபடி க்ரப் ப்ராம்ப்ட்தான். இன்னொண்ணு கொஞ்சம் விஷமமானது, அதே ஃபோல்டர்ல எஃப்.பி.எக்ஸ்64-னு ஒரு ஃபைல் இருந்தா ஷிம் அதை ஓட்டும், அதோட வேலையே காணாம போன பூட் என்ட்ரியை என்விராம்ல திரும்ப எழுதறது. உள் டிஸ்க்குக்கு அது ஆபத்பாந்தவன், போர்ட்டபிள் டிரைவ்ல இருந்தா போற மெஷின்ல எல்லாம் தன் பேரை எழுதிட்டு வரும். நாங்க அதை அழிச்சுடுவோம்.

பூட்லோடர் ஏறிட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னும் சொல்ல முடியாது. இனிட்ராம்எஃப்எஸ்ஸை (ரூட் டிஸ்க்கைக் கண்டுபிடிக்கத் தேவையான டிரைவர் மூட்டை) இன்ஸ்டால் பண்ண மெஷினுக்கு மட்டும் அளவெடுத்து தைச்சிருந்தா வேற மெஷின்ல ரூட் டிஸ்க்கே தெரியாது, வி.எம்-ல ரெடி பண்றதால எங்களுக்கு இது ரொம்ப முக்கியம், எல்லா டிரைவரும் உள்ள இருக்கற மாதிரிதான் கட்டணும். மத்த ஓ.எஸ்களைத் தேடி மெனுல சேர்க்கற ஓ.எஸ்-ப்ரோபரை அணைச்சே வைக்கணும், இல்லன்னா மெனுல யாரோ ஒருத்தர் மெஷினோட விண்டோஸ் பேரு கூடவே சுத்திக்கிட்டிருக்கும், க்ரப் 2.06-ல இருந்து அது தானாவே அணைஞ்சுதான் வருது, 2021-லயாவது புத்தி வந்துச்சு. அப்புறம் கேஸ், அதாவது எஸ்.எஸ்.டி-யை உள்ள வச்சு யூ.எஸ்.பி-ல சொருகற டப்பா, மாத்தறது. சில யூ.எஸ்.பி கேஸ் டிஸ்க்கை 512 பைட் செக்டரா காட்டும், சிலது 4096-ஆ காட்டும், ஜி.பி.டி ஹெடர் ஒண்ணாம் நம்பர் செக்டர்ல இருக்கறதால கேஸ் மாறினா அது இருக்கற இடமே மாறின மாதிரி ஆகி டிஸ்க் காலின்னு சொல்லிடும். உள்ள எதுவும் அழியல, பழைய கேஸ்ல போட்டா எல்லாம் அப்படியே இருக்கும், ஆனா அந்த நேரத்துல வர்ற படபடப்பு இருக்கே.

டெஸ்ட்டுக்குன்னு ஒரு விண்டோஸ் லேப்டாப், பிட்லாக்கர் ஆன் பண்ணி, செக்யூர் பூட் ஆன்ல, தனியா வச்சிருக்கோம். டிரைவைச் சொருகி பூட் பண்ணிப் பார்க்கறது டெஸ்ட்ல சின்ன பாகம். முன்னாடி எம்.ஜி.ஆர் கமாண்டோட அவுட்புட்டை சேவ் பண்ணிக்குவோம், டிரைவ்ல ஏறி இறங்கி, கழட்டிட்டு, லேப்டாப் தானா விண்டோஸுக்குப் போகுதா, கீ கேட்காம போகுதான்னு பார்த்துட்டு, மறுபடி அவுட்புட் எடுத்து ரெண்டையும் ஒப்பிடுவோம். சில ஃபர்ம்வேர் யூ.எஸ்.பி டிரைவுக்கு தானாவே ஒரு என்ட்ரி போட்டுக்கும், அது நம்ம கையில இல்ல. டிஸ்ட்ரோ பேர்ல ஏதாவது வந்திருந்தா மட்டும் டிரைவ் திரும்ப டேபிளுக்கு வரும்.

இவ்ளோ பண்ணியும் ஒரு ஓட்டை இருந்துச்சு, அப்டேட். ஃபீல்டுல ஒருத்தர் கிளையன்ட் மெஷின்ல டிரைவை பூட் பண்ணி வச்சுக்கிட்டு, டேட்டா காப்பி ஆகுற நேரத்துல சும்மா இருப்பானேன்னு அப்டேட் போட்டார். அதுல க்ரப் பேக்கேஜும் வந்துச்சு, பேக்கேஜ் தன் பாட்டுக்கு க்ரப்-இன்ஸ்டாலை ஓட்டிடுச்சு, அதுக்கு நாம ரிமூவபிள்னு போட்டதெல்லாம் எப்படித் தெரியும், கிளையன்ட் மெஷினோட என்விராம்ல என்ட்ரி விழுந்துடுச்சு. டெபியன் வகைல இதுக்கு வழி இருக்கு, க்ரப் பேக்கேஜை ரீகான்ஃபிகர் பண்ணா என்விராமைப் புதுப்பிக்கவான்னு ஒரு கேள்வி வரும், அதுக்கு வேண்டாம், ரிமூவபிள் இடத்துலயும் ஒரு காப்பி வைக்கவான்னு ஒரு கேள்வி வரும், அதுக்கு ஆமா. இந்த வசதி இல்லாத டிஸ்ட்ரோல பூட்லோடர் பேக்கேஜை அப்டேட் ஆகாம பூட்டி வைக்கறோம், ஆனா பூட்டி வச்சா ஷிம் பழசாகிடும். எஸ்.பேட்னு, ஓட்டை இருக்கற பழைய பூட்லோடரை ஓட விடாத ஒரு தடை ஏற்பாடு இருக்கு, 2024 ஆகஸ்ட்ல விண்டோஸ் அப்டேட் வழியா அது நிறைய மெஷின்களுக்குப் போய் பழைய ஷிம் வச்சிருந்த லினக்ஸ் எல்லாம் பல இடத்துல பூட் ஆகாம நின்னுச்சு. அதனால பூட்டி வச்ச டிரைவெல்லாம் அப்பப்ப எங்ககிட்ட திரும்பி வரணும்னு சொல்லி வச்சிருக்கோம், ஷிம்மையும் க்ரப்பையும் வி.எம்-ல புதுசாக்கிட்டு, அந்த பிட்லாக்கர் லேப்டாப்ல சொருகி, கழட்டி, ஒப்பிட்டுப் பார்த்துட்டுத்தான் கொடுப்போம். வேலை நடுவுல இருக்கேன் இப்ப தர முடியாதுன்னு சொல்றவங்கதான் ஜாஸ்தி.